கைப்பிடிக் கட்டை மறைத்த கடல்: கடலூர்ப் பயணி ஒருவரை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

பயணி கடலூர் முதுநகர்க்காரர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இடுப்பெலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலிதான். கைத்தாங்கலாகப் பிடித்தால் எழுந்து நிற்பார், நாற்காலி மாறி உட்காருவார். நாலடி நடப்பது பெரும்பாடு. மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர்தான் அம்மாவை வரவழைத்து, சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் ஒரு சொகுசுக் கப்பலில் பால்கனி கேபின் எடுத்து அழைத்துப் போனார்.

ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் "கப்பல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு அந்த அம்மாள் சொன்ன பதிலை மருமகள் என்னிடம் அப்படியே சொன்னார்: "கடல்ல போயி டிவியிலதான் கடலைப் பாத்தேன்."

அது மிகையில்லை. கேபின் தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டும் அலைவரிசை ஒன்று உண்டு. இரவும் பகலும் அதில் கடல் ஓடிக்கொண்டே இருக்கும். பாதிப் பயணத்துக்கு மேல் அவர் பார்த்தது அதைத்தான்.

புதுச்சேரியில் பயண ஏற்பாடு செய்வது என் தொழில். அடுத்த முறை இப்படி ஆகக் கூடாது என்று குடும்பம் என்னிடம் வந்தபோது, என்ன நடந்தது என்பதை முதலில் முழுசாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன். பேரன் எடுத்த படங்கள், கப்பலின் தள வரைபடம், மகன் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படங்களில் நாற்காலி வந்த இடங்களில் அதன் உயரத்தையே அளவுகோலாக வைத்து ரெயிலிங்கின் உயரத்தைக் கணக்கிட்டோம். இங்கே எழுதுவது அதில் கிடைத்தவையும், அடுத்த பயணத்தில் செய்து பார்த்தவையும். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கப்பல் எந்த நிறுவனத்துடையது என்பதையும் விட்டுவிட்டேன்.

முதல் பயணத்தில் நடந்தது

பால்கனி கேபின் என்றால் கடல் தெரியும் என்று நம்பித்தான் மகன் கூடுதல் பணம் கட்டினார். நியாயமான நம்பிக்கைதான். ஆனால் அவர் எடுத்தது சாதாரணப் பால்கனி கேபின். சக்கர நாற்காலிக்கென்று அகலக் கதவும் சரிவும் வைத்துக் கட்டிய கேபின்கள் எந்தக் கப்பலிலும் கொஞ்சம்தான் இருக்கும், அவை முதலிலேயே போய்விடும். சாதாரண கேபினின் கதவு பல கப்பல்களில் நாற்காலி நுழைகிற அகலத்தில் இருப்பதில்லை. இங்கேயும் நுழையவில்லை. நாற்காலியை மடக்கி உள்ளே கொண்டுபோய், அம்மாளை நடத்தி உட்கார வைத்தார்கள். பால்கனிக் கதவின் கீழே ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. அதையும் தாண்டித் தூக்கி வைத்தாயிற்று.

வைத்த பிறகுதான் தெரிந்தது, பால்கனியின் முன்புறம் கண்ணாடி இல்லை, இரும்புத் தகடு. கீழ்த்தளங்களில் பால்கனி என்பது கப்பலின் உடலிலேயே வெட்டி எடுத்த திறப்பு. அங்கே முன்புறம் கெட்டித் தகடாக இருப்பது வழக்கம். மேல்தளங்களில்தான் கண்ணாடித் தடுப்பு வரும். பதிவு செய்யும் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், படத்தில் காட்டுவது மட்டும் கண்ணாடி வைத்ததை. நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றில் கடல், இன்னொன்றில் வெள்ளைப் பெயின்ட் அடித்த தகடும் அதற்கு மேல் வானமும்.

சரி, பால்கனி போகட்டும், மேல்தளம் இருக்கிறதே என்று லிஃப்டில் போனார்கள். நீச்சல் குளத் தளத்தின் ஓரம் முழுக்க ஆளுயரக் கண்ணாடி, காற்றைத் தடுப்பதற்கு. உப்புக் காய்ந்து மங்கியிருந்த அந்தக் கண்ணாடியை ஒட்டிச் சாய்வு நாற்காலிகளை இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலி அருகே போக வழியில்லை. பெரிய திரையில் பாட்டு. முன்பக்கத் திறந்த தளத்துக்குக் கதவு இருந்தது, ஆனால் அது சூட் அறைக்காரர்களின் அட்டைக்குத்தான் திறக்கும். கீழே, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் ஒரு நடைதளம் உண்டு. அதற்குப் போகும் கதவு கையால் தள்ளித் திறக்கும் கனமான கதவு, அடியில் உயர்ந்த நிலைப்படி. பணியாளர் ஒருவர் உதவிக்கு வந்து நாற்காலியைத் தூக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் ஆளைத் தேடிக் கூப்பிட வேண்டியிருந்ததால் அந்த அம்மாளே "வேணாம்ப்பா, அந்தப் புள்ளைய எத்தினி தடவ தொந்தரவு பண்றது" என்று நிறுத்திவிட்டார்.

கடைசியாகப் பின்பக்கத்துச் சாப்பாட்டுத் தளத்தில் ஒரு மூலை கிடைத்தது. ரெயிலிங் வரைக்கும் தடையில்லை, ரெயிலிங்கின் கீழே கண்ணாடி, மேலே மரக் கைப்பிடி. ஆனால் அங்கேயும் அவர் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு உள்ளே போகலாம் என்றார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. "வயசாயிடுச்சு, காத்து ஒத்துக்கல" என்று குடும்பம் எடுத்துக்கொண்டது. இந்த ஆய்வுக்கு உண்மையான திறவு அந்த மூலையில்தான் இருக்கிறது.

அடிவானம் எங்கே இருக்கிறது

அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில்தான் இருக்கும். கரையில் உட்கார்ந்து பார்த்தாலும், இருபத்தைந்து மீட்டர் உயரத் தளத்தில் நின்று பார்த்தாலும் கண்ணிலிருந்து நேர் கிடையாக ஒரு கோடு போட்டால் அது அடிவானத்தைத்தான் தொடும். உயரம் கூடக்கூட மிகச் சிறிய இறக்கம் உண்டு. கப்பல் உயரத்துக்கு அது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த அம்மாளின் கண், நாற்காலியில் உட்கார்ந்த நிலையில், தரையிலிருந்து 104 செ.மீ. பின்தளத்து ரெயிலிங்கின் மரக் கைப்பிடி ஏறத்தாழ 101 செ.மீ.யில் தொடங்கி 110 செ.மீ.யில் முடிகிறது. அவர் கண்ணிலிருந்து கிடையாகப் போகும் கோடு நேராக அந்தக் கட்டையில் போய் முட்டுகிறது. கட்டைக்குக் கீழே கண்ணாடி வழியாகப் பக்கத்து நீரும் நுரையும் தெரியும். கட்டைக்கு மேலே வானம் தெரியும். கடலும் வானமும் சேருகிற இடம் மட்டும் தெரியாது. நாற்காலியைப் பின்னால் இழுத்தாலும் முன்னால் தள்ளினாலும் இது மாறாது, கோடு அதே உயரத்தில்தானே போகிறது. எங்கே உட்கார்ந்தாலும் கட்டை அடிவானத்தை மறைத்துக்கொண்டே இருக்கும்.

கரையோரத்தில் வாழ்ந்த ஒருவருக்கு அடிவானம் தெரியாத கடல் கடலே இல்லை. மேகம் கட்டுவதையும், படகு திரும்புவதையும், காற்று மாறுவதையும் அந்தக் கோட்டில்தான் பார்ப்பார்கள். இதில் உடல் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. கப்பல் ஆடும்போது தலைசுற்றுபவர்களை அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அசையாமல் நிற்கும் ஒரே பொருள் அது. அது மறைந்து, அசைகிற கட்டை மட்டும் கண் முன்னால் நின்றால் குமட்டல் கூடும். ஐந்து நிமிடத்தில் அவர் உள்ளே போகக் கேட்டதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

ரெயிலிங்கைத் தாழ்த்த முடியாது, தாழ்த்தவும் கூடாது. கப்பல் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று வரையறுக்கும் 1966ஆம் ஆண்டின் சர்வதேச லோட் லைன் உடன்படிக்கை திறந்த தளங்களில் ரெயிலிங் குறைந்தது 1 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களில் ஏற்றி இறக்கும் பயணிகள் கப்பல்களுக்கு அந்நாடு 2010இல் போட்ட சட்டப்படி 42 அங்குலம், அதாவது 107 செ.மீ. மனிதர்கள் கடலில் விழாமல் இருப்பதற்கான அளவு அது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணியின் கண்ணும் ஏறத்தாழ அதே உயரத்தில் வருகிறது என்பதுதான் சிக்கல். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் பலருக்கும் இதே கதைதான், அவர்கள் எட்டிப் பார்க்க ஏறிவிடுவார்கள், அது வேறு ஆபத்து. ஆக, கேட்க வேண்டியது கட்டையின் கனத்தைப் பற்றி. ஒன்பது செ.மீ. கனத்துக்கு மரம் வைப்பது அழகுக்கு. நாலு செ.மீ. உருட்டுக் குழாய் வைத்தாலே உட்கார்ந்திருப்பவர் சற்றுத் தலை நிமிர்த்தி அடிவானத்தைப் பிடித்துவிடலாம்.

நிலைப்படியும் காற்றும்

கதவடி நிலைப்படிக்கும் இப்படியொரு காரணம் உண்டு. தளத்தில் ஏறும் கடல்நீர் உள்ளே புகாமல் இருக்க, தளத்துக்கு மேலே எழும் மூடிய கட்டுமானத்தின் முனைகளில் உள்ள கதவுகளுக்குக் குறைந்தது 380 மி.மீ. உயரத் தடை வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. பயணிகள் கப்பலில் எல்லாக் கதவும் அப்படி இல்லை. நடுப்பகுதியில், உயரமான தளங்களில், தானாகத் திறக்கும் தட்டையான கதவுகள் வைக்கிறார்கள். எந்தக் கதவு எது என்று வரைபடத்தில் போடுவதில்லை என்பதுதான் குறை.

காற்றையும் சொல்ல வேண்டும். கப்பல் 16 நாட் வேகத்தில் போகிறது, எதிரே 15 நாட் காற்று என்றால் முன்தளத்தில் நிற்பவர்மேல் அடிப்பது 31 நாட், மணிக்கு 57 கி.மீ. அந்த வேகத்தில் குடை நிற்காது, வயதானவர்கள் நிற்க முடியாது. கேப்டன் முன்தளத்தை மூடச் சொன்னால் அதில் குற்றம் காண மாட்டேன். அதே நேரத்தில் கப்பலின் காற்று மறைவுப் பக்கத்து நடைதளம் அமைதியாக இருக்கும். ஆகவே ஒரு கப்பலுக்கு இரண்டு பக்கமும் திறந்த நடைதளம் தேவை. ஒரு பக்கத்தைப் புகைபிடிப்பவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தில் சாய்வு நாற்காலிகளை அடுக்கி வைத்தால், காற்று மாறும் நாளில் நாற்காலிக்காரருக்குப் போக இடமில்லை.

டெக் டிக்கெட்டின் காலம்

இதே கடல்வழியில் நம் ஊர்க்காரர்கள் இதற்கு முன்னால் எப்படிப் போனார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தோடு அதன் ஓட்டமும் நின்றது. இந்தக் கப்பல்களில் கேபின் எடுத்தவர்கள் சிலரே. பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டு போனவர்கள். நம் பயணியின் மாமனாரும் அப்படித்தான் பினாங்குக்குப் போய் வந்தவர்.

அந்தப் பயணத்தைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. நெரிசல், வெக்கை, வாந்தி நாற்றம், மழை வந்தால் ஒண்ட இடமில்லாமை எல்லாம் இருந்தது. ஆனால் கப்பலிலேயே மலிவான டிக்கெட் எடுத்தவனுக்குத் திறந்த தளமும் கடலும் இருந்தன. இன்றைக்கு அது தலைகீழ். மலிவான டிக்கெட்டுக்கு ஜன்னலே இல்லாத உள் கேபின். ராயல் கரீபியன் 2009இல் விட்ட ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலில் ஒரு பகுதி பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் பூங்காவைப் பார்த்து அமைந்தவை. உள் கேபின் சுவரில் கேமராப் படத்தை நேரலையாகக் காட்டும் திரை வைத்து, அதற்குப் பால்கனி என்று பெயரிட்டு விற்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. எம்.எஸ்.சி. நிறுவனம் 2008 முதல் தன் பெரிய கப்பல்களில் கூடுதல் கட்டணக்காரர்களுக்கென்று தனி உணவகமும் தனித் தளமும் ஒதுக்கி வருகிறது. மற்ற நிறுவனங்களும் அதே வழிதான்.

நிறுவனங்களின் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு காசு பெயராது. உள்ளே கடையிலும் உணவகத்திலும் இருப்பவர்தான் வருமானம். ஆனால் விளம்பரத்தில் போடுவது கடலின் படம். அதைப் பார்த்துப் பணம் கட்டியவருக்கு, எந்த வகுப்பில் வந்தாலும், கப்பலின் விளிம்பில் ஓர் இடம் கிடைக்க வேண்டும். இது சலுகை கேட்பது ஆகாது, விற்ற பொருளைக் கொடு என்று கேட்பதுதான்.

எல்லாக் கப்பலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 கப்பலின் ஏழாம் தளத்தில் கப்பலை முழுசாகச் சுற்றி வரும் நடைதளம் உண்டு. 2022இல் வந்த நார்வீஜியன் ப்ரிமா அதேபோல் எட்டாம் தளத்தைச் சுற்றிலும் திறந்துவிட்டது. செய்ய முடியும் என்பதற்கு இவையே சான்று.

புதுச்சேரி கடற்கரையில் ஒரு சோதனை

அடுத்த கப்பலைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தக் கட்டைக் கணக்கைச் சரிபார்க்க விரும்பினேன். காகிதத்தில் போட்டது நேரில் நிற்க வேண்டுமே. கடலூரின் வெள்ளிக் கடற்கரையில் மணலில் சக்கரம் புதையும் என்பதால் புதுச்சேரிக்கு வரச் சொன்னேன். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், தரை சமம், கருங்கல் கரைக்கு அப்பால் அடிவானம் தடையில்லாமல் தெரியும்.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் மரப் பலகை ஒன்றைக் குறுக்கே கட்டினோம். மேல்விளிம்பு 110 செ.மீ. வருமாறு டேப் பிடித்துச் சரிசெய்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னவோ விளையாட்டு என்று நின்று பார்த்தார்கள். அம்மாளின் நாற்காலியைப் பலகைக்கு நேராக நிறுத்தினோம்.

"ஆயா, இன்னா தெரியுது?" என்று பேரன் கேட்டான்.

"அன்னைக்குத் தெரிஞ்ச அதே கட்டைதான்டா."

பிறகு அவரை எழுப்பி, இருக்கையில் கெட்டி ஃபோம் மெத்தை போட்டு உட்கார வைத்தோம். மெத்தைக் கடையில் அளவு சொல்லி, ரெக்சின் உறை போட்டுத் தைத்தது. அவர் எடைக்கு அமுங்கியது போகப் பத்து செ.மீ. உயரம் மிஞ்சும்படி. கண் 114 செ.மீ.க்கு வந்தது. சட்டென்று கையை நீட்டிக் காட்டினார். "தோ, போட்டு ஒண்ணு தெக்கால போவுது பாரு." எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி கண்ணுக்குப் பட்டது.

மெத்தையை யாரும் யோசிக்காமல் போட்டுவிடக் கூடாது. இருக்கை உயர்ந்தால் கால் தொங்கும், நாற்காலி கவிழும் வாய்ப்பும் கூடும். கால்தாங்கியை அதே அளவு உயர்த்தினோம், இடுப்புப் பட்டை போட்டோம், கப்பல் ஓடும்போது இரண்டு சக்கர பிரேக்கும் போட்டு ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று மகனிடம் உறுதி வாங்கினேன். எலும்பு முறிந்தவர் என்பதால் மருத்துவரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் பயணம்

இந்த முறை கேபினைப் பார்ப்பதற்கு முன் தளங்களைப் பார்த்தோம். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் வழக்கமான கேள்விகளோடு இவற்றையும் கேட்டேன்: நடைதளம் கப்பலைச் சுற்றி முழுசாகப் போகிறதா, அதற்கு நிலைப்படி இல்லாத, தானாகத் திறக்கும் கதவு எந்தப் பக்கம், எந்த இடத்தில், ரெயிலிங்கின் கீழே தகடா கண்ணாடியா கம்பியா, கைப்பிடியின் கனம் எவ்வளவு, புகைபிடிக்கும் இடம் எது. கனத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் வரவில்லை. திரும்ப எழுதியதும் கப்பலில் இருக்கும் ஓர் அதிகாரி அளந்து அனுப்பினார். அவருக்கு என் நன்றி, இதைப் படிக்க மாட்டார் என்றாலும்.

பால்கனி வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தப் பணத்தில் சக்கர நாற்காலிக்கான ஜன்னல் கேபின் கிடைத்தது, லிஃப்டுக்குப் பக்கத்தில், நடைதளத்துக்கு ஒரு மாடி கீழே. மகனுக்கு இதில் முதலில் மனமில்லை. "அண்ணே, அம்மாவுக்குப் பால்கனி இல்லாமலா?" என்றார். வரைபடத்தை விரித்து, கேபினிலிருந்து ரெயிலிங் வரைக்கும் எத்தனை கதவு, எத்தனை படி என்று விரல் வைத்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணையில் வடமேற்காக ஏறும்போது இடப்பக்கம் சுமத்ரா, வலப்பக்கம் மலேசியா. காலை வெயில் வலப்பக்கம், மாலை வெயில் இடப்பக்கம். திரும்பும்போது அப்படியே மாறும். இதை வைத்து எந்த நேரம் எந்தப் பக்கம் நிழல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மேல்தளத்துக்கு அவர் போகவே இல்லை. நடைதளம் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 12 மீட்டர். அங்கிருந்து அடிவானம் 12 கி.மீ. தூரத்தில். 25 மீட்டர் உயர மேல்தளத்திலிருந்து அது 18 கி.மீ. எண்ணைப் பார்த்தால் மேல்தளம் மேல் என்று தோன்றும். ஆனால் மேலே போகப் போகக் கடல் வெறும் நிறமாகிவிடுகிறது. கீழேதான் நீரின் சத்தம் கேட்கிறது, முகத்தில் ஈரம் படுகிறது.

பினாங்கு தாண்டி அந்தமான் கடலுக்குள் போகும்போது நடந்ததை மருமகள் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். கப்பல் கிழிக்கும் அலையிலிருந்து மீன்கள் சிதறிப் பறந்திருக்கின்றன. பக்கத்தில் நின்ற வெளிநாட்டவர்கள் பறவை என்றார்களாம். அம்மாள் சிரித்துவிட்டு, "கோலா! எங்கூர்ல சீசனுக்குக் கோலா போட்டு போவுமே, அதேதான்" என்றிருக்கிறார். எந்தக் கோலா கருவாட்டுக்கு, எது குழம்புக்கு, இறக்கை எங்கே முளைத்திருக்கும் என்று பேரனுக்கு விளக்கம். பதிவில் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கூடைக்காரியின் குரலாகவே ஒலிக்கிறது. மேல்தளத்திலிருந்து பார்த்தால் அந்த மீன்கள் கண்ணுக்கே பட்டிருக்காது.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. நிலைப்படியில்லாத கதவு வலப்பக்கத்தில் மட்டும்தான். இடப்பக்கம் போக வேண்டுமானால் நடைதளத்தின் பின்முனையைச் சுற்றிப் போக வேண்டும், அங்கே ஒரு படி இருந்தது. கப்பலைச் சுற்றி முழுசாகப் போகிறது என்று கடிதத்தில் சொன்னது நடப்பவர்களுக்கு உண்மை, நாற்காலிக்கு இல்லை. திரும்பும்போது ஒரு விடியற்காலை சுமத்ராப் பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வந்து தளத்தை மூடிவிட்டார்கள். அந்த நீரிணையில் அது வழக்கம்தான், ஆனால் மழை விட்டபின்பும் கதவைத் திறந்துவிட நெடுநேரம் ஆயிற்று. தளம் திறந்தாயிற்று என்று யாரும் அறிவிக்கவும் இல்லை. முன்தளத்தில் இரவில் விளக்குப் போட மாட்டார்கள், கப்பலை ஓட்டும் அறையிலிருந்து பார்ப்பவருக்குக் கண் கூசும் என்பதால். நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை. அங்கே போக ஏணிப்படி மட்டும்தான்.

புதுச்சேரிக்கு வரும் கப்பல்

இந்தக் குடும்பத்தின் அடுத்த ஆசை நம் ஊரைச் சேர்ந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சொகுசுக் கப்பலுக்குச் சூதாட்டம் பற்றிய எதிர்ப்பால் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் கப்பல் வந்து ஆழ்கடலில் நங்கூரமிட்டது, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மீனவர்கள் உட்பட எதிர்ப்பவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் உண்டு, அதற்குள் இங்கே போகவில்லை. கப்பல் இங்கே வெளியே நிற்பது புதிதில்லை. புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் கப்பல் தூரத்தில் நிற்க, சலங்கு என்ற படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தன. 1866இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போயிற்று. அதற்குப் பின் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது.

சிறு படகுக்கு மாறுவது சக்கர நாற்காலிக்காரருக்கு மிகக் கடினம். கப்பலும் படகும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும். அலை கூடினால் நாற்காலியை ஏற்ற மாட்டோம் என்று மறுக்கும் உரிமையை நிறுவனங்கள் விதிகளில் எழுதி வைத்திருக்கின்றன. பாதுகாப்பு கருதி அதை ஏற்கத்தான் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் அயல்நாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்னபோதும், கப்பலின் பாதுகாப்பைக் குலைக்கும் மாற்றங்களைக் கேட்க முடியாது என்ற வரம்போடுதான் சொன்னது. நம்முடைய 2016ஆம் ஆண்டுச் சட்டமும் போக்குவரத்தில் அணுகல் வசதியை வற்புறுத்துகிறது. படகுத்துறையில் சரிவுப் பாதையும் மிதவை மேடையும் அமைக்க அந்தச் சட்டத்தைச் சுட்டிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மாள் புதுச்சேரியில் இறங்க ஆசைப்படவில்லை. கப்பலிலிருந்தபடியே தன் கரையைப் பார்க்க வேண்டும் என்கிறார். நங்கூரமிட்ட நாளில் பாதிக் கப்பல் கரைக்குப் போய்விடும், தளங்கள் காலியாக இருக்கும். அவரைப் போன்றவர்களுக்கு அதுதான் நல்ல நாள். எந்தப் பக்கம் கேபின் எடுத்தால் ஊர் தெரியும் என்று மகன் கேட்டார். பதிலை அம்மாளே சொல்லிவிட்டார்: "காலைல மேகாத்து, மத்தியானம் கடக்காத்து. நங்கூரத்துல நிக்கிற கப்பலு காத்தப் பாத்துத் திரும்பாதா?" திரும்பும். நங்கூரம் முகப்பில் இருப்பதால் கப்பல் பெரும்பாலும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் முகம் கொடுத்தே நிற்கும். ஆனி, ஆடி மாதங்களில் காலையில் கரைக்காற்று அடிக்கையில் முகப்பு ஊரைப் பார்க்கும், பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் சுழன்று, பின்பக்கம் ஊரைப் பார்க்கும். எந்தப் பக்கத்துப் பால்கனியும் நாள் முழுக்க ஊரைக் காட்டாது. காலையில் முன்தளமும் மாலையில் பின்தளமும் வேண்டும்.

ஆகவே இந்த வழியில் வரும் கப்பலுக்கு நான் அனுப்பியிருக்கும் கேள்விகள் மூன்று. நங்கூரத்தில் நிற்கும்போது முன்தளத்தை எல்லாப் பயணிகளுக்கும் திறந்துவிடுவார்களா? பின்தளத்து ரெயிலிங் வரைக்கும் படியில்லாமல் நாற்காலி போகுமா? அந்த ரெயிலிங்கின் கைப்பிடி எத்தனை செ.மீ. கனம்? பதில் வந்த பிறகுதான் டிக்கெட் போடுவதாக ஏற்பாடு. மெத்தை கடலூரில் பத்திரமாக இருக்கிறது. அமுங்கிப் போயிருக்கிறதா என்று புறப்படும் முன் திரும்ப அளக்க வேண்டும்.